வியன்னாவின் ஆரம்பகாலக் கோல் வீரர், பிற்காலப் பயிற்சியாளர்: ஒரு வாழ்க்கையைத் தொகுப்பது எப்படி?

1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வியன்னாவில் கோல் அடித்துப் பெயர் வாங்கி, பிறகு வெளிநாடுகளில் பயிற்சியாளராக வேலை பார்த்தவர்கள் பலர். அவர்களில் ஒருவரின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால் செய்திகள் நிறையவே கிடைக்கும். ஆனால் அவை இரண்டு துண்டாகக் கிடக்கும். ஆட்டக்காரராக இருந்த பாதி ஒரே நகரத்து நாளிதழ்களில், பழைய ஜெர்மன் அச்செழுத்தில் இருக்கும். பயிற்சியாளராக இருந்த பாதி மூன்று நான்கு நாடுகளில், வேறு மொழிகளில், சில சமயம் வேறு பெயரிலேயே இருக்கும். இரண்டும் ஒரே ஆளுடையவைதான் என்று ஆதாரத்தோடு காட்டுவதே இந்த வேலையின் உயிர். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களைப் பார்த்து எழுதிய வாழ்க்கைக் குறிப்புகள் பெரும்பாலும் சறுக்குவதும் இந்த இடத்தில்தான்.

யாரை எடுத்துக்கொள்வது?

முதல் முயற்சிக்கு, பெயர் கொஞ்சம் அபூர்வமாகவும் தேசிய அணியில் பதிவு தெளிவாகவும் உள்ள ஒருவரை எடுப்பது நல்லது. யான் ஸ்டுட்னிச்கா சரியான தேர்வு. 1883-இல் பிறந்து 1967-இல் இறந்தவர். வீனர் ஏசி கிளப்பின் முன்கள வீரர். 1902 அக்டோபர் 12 அன்று ஆஸ்திரியா ஹங்கேரியை 5-0 என்று வென்ற முதல் சர்வதேச ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தவர். தேசிய அணிக்காக 28 ஆட்டங்களில் 18 கோல். பின்னாளில் சுவிட்சர்லாந்தில் எஃப்சி சூரிக் அணிக்குப் பயிற்சியாளர்.

கொஞ்சம் சிக்கலான வேலைக்குத் தயாராக இருந்தால் ரிச்சர்ட் கோன் இருக்கிறார். 1888-இல் வியன்னாவில் பிறந்தவர், ஆஸ்திரியத் தேசிய அணியில் ஆடியவர். பயிற்சியாளராக உலகம் அவரை அறிந்தது ரிச்சர்ட் டோம்பி என்ற பெயரில். அவர் கையில்தான் பேயர்ன் மியூனிக் 1932-இல் முதல் முறையாக ஜெர்மன் சாம்பியன் ஆனது. இந்த வழிகாட்டியில் அவர் அடிக்கடி வருவார், ஏனென்றால் இந்த வகை வாழ்க்கைகளில் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் அவரிடம் உண்டு.

பிராக் நகரின் டிஎஃப்சி அணி வீரர் ராபர்ட் மெர்ட்ஸ் போன்றவர்கள் அருமையான ஆட்டக்காரர்கள்தான். ஆனால் அவர் 1914-லேயே போரில் மாண்டுவிட்டார். பயிற்சியாளர் பாதி என்று ஒன்று அவர் வாழ்க்கையில் இல்லை.

பெயர்

வேலையைத் தொடங்கும் நாளிலேயே ஒரு பெயர்த் தாள் போடுங்கள். அந்த ஆளின் பெயர் எந்தெந்த வடிவில் அச்சாகியிருக்கக்கூடும் என்பதையெல்லாம் அதில் எழுதி, தேடத் தேடச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். இது இல்லாமல் தேடினால் பாதிக்குப் பாதி செய்தி கண்ணில் படாமலே போகும்.

வியன்னாவின் ஆரம்பகால வீரர்களில் பலருக்குச் செக் மொழிப் பெயர். செக் எழுத்தின் தலையில் வரும் கொக்கிக் குறியை ஜெர்மன் நாளிதழ்கள் விட்டுவிடும், அல்லது ஒலிக்கேற்ப மூன்று நான்கு எழுத்தாக விரித்து எழுதும். முன்பெயரும் மாறும். செக் மொழியில் யான் என்றால் ஜெர்மனில் யோஹான், பேச்சு வழக்கில் ஹான்ஸ். மூன்றையும் தனித்தனியாகத் தேடுங்கள். ஹங்கேரிய நாளிதழ்கள் குடும்பப் பெயரை முதலில் எழுதி, முன்பெயரையும் ஹங்கேரிய வடிவுக்கு மாற்றிவிடும். ரிச்சர்ட் அங்கே ரிஹார்ட் ஆவார்.

உண்மையில் வேறு பெயரும் உண்டு. பள்ளி மாணவர்கள் கிளப் அணிகளில் ஆடுவதற்குத் தடை இருந்த காலம் என்பதால் புனைபெயரில் ஆடியவர்கள் இருந்தார்கள். கோன், டோம்பி ஆனது போல வேறு பெயரில் அறியப்பட்டவர்களும் உண்டு. பார்சிலோனாவின் 1926-27 பருவத்துப் பதிவுகளில் ஒரு பெயரும் ராட்டர்டாம் பதிவுகளில் இன்னொரு பெயரும் வருவதைப் பார்த்து, இரண்டு பேர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஒருவர்தான் என்று அவசரப்பட்டு ஒட்டவும் கூடாது. இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லும் ஒரு செய்தியாவது கிடைக்கும்வரை, தாளில் இரண்டு நெடுவரிசையாகவே வைத்திருங்கள்.

அண்ணன் தம்பிகள் ஒரே அணியில் ஆடினால் நாளிதழ்கள் ரோமன் எண் போட்டுப் பிரிக்கும். புடாபெஸ்டின் எம்டிகே கிளப்பிலிருந்து வியன்னாவின் வீனர் அமெட்யூர் கிளப்புக்கு வந்த கொன்ராட் சகோதரர்கள் இதற்குப் பழைய உதாரணம். அண்ணன் யெனோ முதலாம் கொன்ராட், தம்பி கல்மான் இரண்டாம் கொன்ராட். ஆனால் இந்த எண் பிறப்புச் சான்றிதழில் உள்ளதல்ல. உறவே இல்லாத இரண்டு பேருக்கு ஒரே குடும்பப் பெயர் இருந்தாலும் போடுவார்கள். ஒருவர் கிளப் மாறினால் எண்ணும் மாறிவிடும். ஆகவே எண்ணை மட்டும் நம்பி ஒரு கோலை யார் கணக்கிலும் எழுதாதீர்கள்.

பிறப்பு, முகவரி, தொழில்

ஆஸ்திரியாவில் அரசு நேரடியாகப் பிறப்பைப் பதிவு செய்யத் தொடங்கியது 1939-இல். அதற்கு முன் பதிவேடு மத அமைப்புகளின் கையில். கத்தோலிக்கர் என்றால் பங்குத் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு. வியன்னாவின் பெரும்பாலான பங்குகளின் ஏடுகள் மாட்ரிகுலா என்ற இணையதளத்தில் படமாகவே கிடைக்கின்றன. யூதர் என்றால் வியன்னா யூத சமூக அமைப்பின் பதிவேடு. பொஹீமியா, மொராவியாவில் பிறந்தவர் என்றால் செக் குடியரசின் வட்டார ஆவணக் காப்பகங்கள்.

ஞானஸ்நான ஏட்டில் இரண்டு தேதி இருக்கும்: பிறந்த நாள் ஒன்று, ஞானஸ்நானம் நடந்த நாள் ஒன்று. பின்னதைப் பிறந்த நாளாக எடுத்துக்கொள்வது இணையப் பட்டியல்களில் அடிக்கடி காணும் தவறு. பக்கவாட்டுக் குறிப்பையும் பாருங்கள். திருமணம், மதமாற்றம், பெயர் மாற்றம் ஆகியவற்றைப் பிற்காலத்தில் அந்த ஓரத்தில்தான் குறித்து வைப்பார்கள். பெயர் மாறிய வீரருக்கு அந்த ஓரக் குறிப்பு பொன்னுக்குச் சமம்.

அடுத்து லேமன் முகவரிப் புத்தகம். 1859 முதல் 1942 வரை வெளிவந்த வியன்னா நகர முகவரித் தொகுப்பு இது. நகர நூலகம் முழுவதையும் மின்னாக்கம் செய்து வைத்திருக்கிறது. பெயர், தொழில், தெரு, வீட்டு எண் நான்கும் ஒரே வரியில் இருக்கும். 1924-க்கு முன் வியன்னாவில் தொழில்முறைக் கால்பந்து சட்டப்படி இல்லை. ஆகவே வீரர் வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்தார் என்பது இங்கே தெரியவரும். ஆனால் இந்தப் புத்தகம் குடும்பத் தலைவர்களைத்தான் பட்டியலிடும். இருபது வயது இளைஞர் பெற்றோர் வீட்டிலோ உள்வாடகையிலோ இருந்தால் பெயர் வராது. அப்போது ஞானஸ்நான ஏட்டில் உள்ள தந்தை பெயரையும் தொழிலையும் வைத்து லேமனில் தேடுங்கள். அதே பெயரில் பத்துப் பேர் இருந்தால் தொழிலும் மாவட்டமும்தான் பிரித்துக் காட்டும்.

பிறந்த ஊரை எழுதும்போது அன்றைய நாட்டையும் இன்றைய நாட்டையும் இரண்டையும் தாருங்கள். ப்ரூன் என்று பழைய ஏட்டில் இருப்பது இன்றைய ப்ர்னோ. ப்ரெஸ்பர்க் இன்றைய பிராட்டிஸ்லாவா, லெம்பர்க் இன்றைய லிவிவ், ஆக்ராம் இன்றைய சாக்ரெப்.

பழைய நாளிதழை வாசிப்பது

வேலையின் பெரும்பகுதி இங்கேதான் கழியும். ஆஸ்திரிய தேசிய நூலகம் நடத்தும் ஆன்னோ இணையதளத்தில் பழைய நாளிதழ்கள் பக்கம் பக்கமாக இலவசமாகக் கிடைக்கின்றன. ஆரம்ப ஆண்டுகளுக்கு அல்கெமைன ஸ்போர்ட் ட்சைடுங் என்ற வார இதழும் நோயஸ் வீனர் டாக்ப்ளாட் நாளிதழும் அடிப்படை. பிந்தைய ஆண்டுகளுக்கு இல்லுஸ்ட்ரியெர்டஸ் ஸ்போர்ட்ப்ளாட், ஸ்போர்ட் டாக்ப்ளாட், தொழிலாளர் கட்சியின் ஆர்பைட்டர் ட்சைடுங் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் தெரியாதவர்கள் மொழிபெயர்ப்புக் கருவியை வைத்துச் செய்தி விவரத்தைப் படித்துவிடலாம். ஆனால் பெயர், எண், தேதி மூன்றையும் பக்கத்தின் படத்திலிருந்து கண்ணால் பார்த்தே எடுக்க வேண்டும்.

காரணம் அச்செழுத்து. அந்த நாளிதழ்கள் ஃபிராக்டுர் என்ற கோண எழுத்தில் அச்சானவை. அதில் சொல்லின் நடுவே வரும் ‘எஸ்’ நீளமாக ‘எஃப்’ போலவே தெரியும். ‘சி’யும் ‘கே’யும் ஒட்டி வந்தால் கணினி அதை ‘டி’ என்று படித்துவிடும். பெரிய ‘பி’யும் ‘வி’யும் கிட்டத்தட்ட ஒரே தோற்றம். ஆகவே ஸ்டுட்னிச்கா என்று முழுப் பெயரைக் கொடுத்துத் தேடினால் வருவது ஒரு பகுதிதான். முதல் நான்கைந்து எழுத்துகளை மட்டும் கொடுத்துத் தேடுவது, தவறாகப் படிக்கப்படும் வடிவத்தையே கொடுத்துத் தேடுவது, எதிரணியின் பெயரைக் கொடுத்துத் தேடுவது என மூன்று வழியிலும் முயலுங்கள். மூன்றும் கைவிட்டால் தேதி தெரிந்த ஆட்டத்துக்கு மறுநாள் இதழைத் திறந்து விளையாட்டுப் பகுதியை வரிவரியாகப் படிப்பதுதான் மிச்சம். பலன் அதிகம் தருவதும் அதுதான்.

ஞாயிறு ஆட்டத்தின் செய்தி திங்கள், செவ்வாய் இதழ்களில் இருக்கும். வார இதழ் என்றால் அடுத்த வாரம். ஆட்டத்துக்கு முந்தைய வெள்ளி, சனி இதழ்களில் வரும் அணிப் பட்டியல் வெறும் அறிவிப்பு. அதில் பெயர் உள்ளவர் களத்தில் இறங்கினார் என்பதற்கு அது சான்றாகாது. வேலையில் விடுப்பு கிடைக்காமல், ரயிலைத் தவறவிட்டு, காய்ச்சலில் படுத்து எத்தனையோ பேர் வராமல் போயிருப்பார்கள். முன்னறிவிப்பைப் பார்த்து ஆட்டக் கணக்கில் ஒன்றைக் கூட்டிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

கிளப் பெயர்களில் இரண்டு பொறி உண்டு. நாளிதழில் ‘வியன்னா’ என்று அச்சாகியிருந்தால் அது ஃபர்ஸ்ட் வியன்னா கிளப்பைக் குறிக்கும். நகரத்தின் பெயரை ஜெர்மனில் ‘வீன்’ என்றுதான் எழுதுவார்கள். அதேபோல் ‘ஆஸ்திரியா’ என்றால் கிளப். வீனர் அமெட்யூர் கிளப் 1926-இல் ஆஸ்திரியா வீன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. நாட்டை அவர்கள் ‘ஓஸ்டர்ரைக்’ என்பார்கள். மொழிபெயர்ப்புக் கருவி இரண்டையும் குழப்பி, ஒரு கிளப் ஆட்டத்தைச் சர்வதேச ஆட்டமாக்கிவிடும்.

வீனர் ஏசி, வீனர் ஏஎஃப் இரண்டும் வேறு வேறு. 1910-இல் முன்னதிலிருந்து பிரிந்து போனவர்கள் தொடங்கியது பின்னது. சுருக்கப் பெயரில் கடைசி எழுத்து மட்டுமே வித்தியாசம். 1913-14 பட்டம் ஏஎஃப்-க்கு, 1914-15 பட்டம் ஏசி-க்கு. அடுத்தடுத்த ஆண்டுகள் என்பதால் ஒருவரின் பட்டத்தை மற்றவருக்கு எழுதிவிடுவது எளிது. பிரிவுக்குப் பின் உங்கள் ஆள் எந்தப் பக்கம் நின்றார் என்பதை 1910 முதல் 1912 வரையிலான அணிப் பட்டியல்களைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

ஆட்ட அட்டை

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓர் அட்டை. அதில் தேதி, இடம், போட்டியின் பெயர், இறுதி ஸ்கோர், இடைவேளை ஸ்கோர், உங்கள் ஆளின் இடம், கோல், எந்த இதழின் எந்தத் தேதி, எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். கடைசியில் ‘குறிப்பு’ என்று ஓர் இடம் விட்டு வையுங்கள். வெறும் எண்ணுக்குப் பொருள் தருவது அந்தக் குறிப்புதான்.

ஓர் அட்டையை நிரப்பிப் பார்க்கலாம். 1912 ஜூன் 29, ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக், முதல் சுற்று, எதிரணி ஜெர்மனி. இறுதி ஸ்கோர் 5-1, ஆஸ்திரியாவுக்கு வெற்றி. இடைவேளை ஸ்கோர் 0-1, ஜெர்மனி முன்னிலை. ஆஸ்திரியாவின் முதல் கோல், அதாவது சமன் செய்த கோல், ஸ்டுட்னிச்காவுடையது. அடுத்து நோய்மன் ஒன்று, மெர்ட்ஸ் இரண்டு, சிமெரா ஒன்று. குறிப்பில் எழுத வேண்டியது: ஆட்டத்தின் நடுவே ஜெர்மனியின் கோல்கீப்பர் ஆல்பர்ட் வேபர் அடிபட்டார். மாற்று வீரரை இறக்க அன்று விதி கிடையாது. களத்தில் இருந்த முன்கள வீரர் ஒருவர் கோலில் நிற்க வேண்டியதாயிற்று. இந்த வரி இல்லாமல் 5-1 என்று மட்டும் எழுதினால் ஆஸ்திரியா ஜெர்மனியைச் சூறையாடியதாக வாசகர் நினைப்பார். அதே அணி மறுநாளே நெதர்லாந்திடம் 1-3 என்று தோற்றது. தோற்ற அணிகளுக்கான ஆறுதல் போட்டியில் நார்வேயையும் இத்தாலியையும் வென்று, கடைசி ஆட்டத்தில் ஹங்கேரியிடம் 0-3 என்று வீழ்ந்தது.

அணிப் பட்டியலைப் படிக்கும் முறை ஒன்று உண்டு. முதலில் கோல்கீப்பர், பிறகு பின்கள வீரர் இருவர், பிறகு நடுக்களத்தில் மூவர், கடைசியில் முன்களத்தில் ஐவர். ஒவ்வொரு வரிசையும் பொதுவாக வலமிருந்து இடமாக எழுதப்பட்டிருக்கும். ஆகவே முன்கள ஐவரில் நடுவில் உள்ள பெயர் சென்டர் ஃபார்வர்டு, அதற்கு இரண்டு பக்கமும் உள்ளவர்கள் உள் ஃபார்வர்டுகள், ஓரத்தில் உள்ளவர்கள் விங்கர்கள். உங்கள் ஆள் பத்து ஆண்டில் எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு நகர்ந்தார் என்பதை இந்த வரிசையிலிருந்தே வரைந்துவிடலாம். ஓட்டம் குறைந்த விங்கர் உள்ளே வருவதும், வயதான சென்டர் ஃபார்வர்டு நடுக்களத்துக்குப் பின்வாங்குவதும் அட்டைகளை அடுக்கிப் பார்த்தால் பளிச்சென்று தெரியும்.

கோல் கணக்கில் இதழ்கள் ஒத்துப்போகாது. சட்டையில் எண் கிடையாது, செய்தியாளர் ஒருவர்தான், கோலின் முன்னால் ஐந்து பேர் முட்டிமோதினால் யார் காலில் பட்டது என்று அவருக்கே தெரியாது. எதிரணி வீரர் காலில் பட்டுப் போனதையும் முன்கள வீரர் பெயரில் எழுதுவார்கள். மூன்று இதழ்களைப் பார்த்து, இரண்டு ஒத்துப்போனால் அதை எடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் இன்ன இதழ் இப்படிச் சொல்கிறது, இன்ன இதழ் அப்படிச் சொல்கிறது என்று எழுதிவிடுங்கள். சராசரி போட்டு ஒரு எண்ணை உருவாக்க வேண்டாம்.

புகழ்பெற்ற கதைகளுக்கும் இதே சோதனைதான். வியன்னாவின் ராப்பிட் அணியின் ‘டாங்க்’ என்று அழைக்கப்பட்ட யோசெஃப் உரிடில், 1921-இல் வீனர் ஏசி-க்கு எதிராக 1-5 என்று பின்தங்கியிருந்த ஆட்டத்தை ஏழு கோலையும் தானே அடித்து 7-5 ஆக்கியதாக வரலாறு. அந்த வாரத்து இதழை எடுத்து, 0-0 தொடங்கி 7-5 வரை பன்னிரண்டு படியாக ஸ்கோரை ஏற்றி எழுதுங்கள். ஒவ்வொரு படிக்கும் எதிரே செய்தியில் உள்ள வாசகத்தைக் குறியுங்கள். எந்தப் படியில் பெயர் அச்சாகியிருக்கிறது, எந்தப் படியில் ‘ராப்பிட் அடுத்த கோலை அடித்தது’ என்று பொத்தாம் பொதுவாக இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

அன்றைய விதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1925 வரை ஆஃப்சைடு ஆகாமல் இருக்க எதிரணியினர் மூன்று பேர் கோலுக்கும் முன்கள வீரருக்கும் இடையே இருக்க வேண்டும். இன்று இரண்டு பேர் போதும். அந்தக் காலத்து முன்கள வீரர் பந்தை வைத்துக்கொண்டு ஆட்களை ஏய்த்துப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். எதிரணிப் பின்கள வீரர்களைத் தாண்டி நின்று நீண்ட பாஸுக்குக் காத்திருப்பது அவருக்கு ஆபத்தான வேலை. 1912 வரை கோல்கீப்பர் தன் பாதிக் களம் முழுவதிலும் பந்தைக் கையால் தொடலாம். 1908 ஜூனில் இங்கிலாந்து வியன்னாவுக்கு வந்து 6-1, 11-1 என்று இரண்டு முறை வென்றது. அந்தக் காலத்து ஆஸ்திரிய முன்கள வீரரின் கோல் சராசரியைப் பிற்காலத்தாரோடு ஒப்பிடுவதில் பொருள் இல்லை.

தேசிய அணிக் கணக்கு

1902 ஆட்டம் நடந்தபோது அது வியன்னா, புடாபெஸ்ட் நகர அணிகளின் மோதல். ஆஸ்திரியக் கால்பந்துச் சங்கமே 1904-இல்தான் தொடங்கியது. பின்னாளில் அந்த ஆட்டத்தைச் சர்வதேச ஆட்டமாக ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே 1902 இதழில் ‘தேசிய அணி’ என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது, நகரங்களின் பெயரைத் தேட வேண்டும். வியன்னா நகர அணிக்காக ஆடிய பிற ஆட்டங்கள் எல்லாம் இப்படி ஏற்கப்படவில்லை. சங்கத்தின் இன்றைய அதிகாரப்பூர்வப் பட்டியலில் இருப்பதை மட்டும் தேசிய அணிக் கணக்கில் வைத்து, நகர அணி ஆட்டங்களைத் தனியாகக் காட்டுங்கள்.

முதல் உலகப் போர் ஆண்டுகளிலும் ஹங்கேரியோடு ஆட்டங்கள் தொடர்ந்தன. வீரர்கள் பலர் படையில் இருந்த காலம். அணி கடைசி நிமிடத்தில் மாறும். அந்த ஆண்டுகளின் அட்டைகளை இரண்டு முறை சரிபார்ப்பது அவசியம்.

பயிற்சியாளராக மாறும் இடம்

இங்கே நிதானம் வேண்டும். அன்றைய வியன்னாவில் அணியைத் தேர்வு செய்பவர் ஒருவர், பயிற்சி கொடுப்பவர் இன்னொருவர். ஹூகோ மைசல் வகித்த பதவி சங்கத் தலைமைத் தேர்வாளர். யார் ஆடுவது என்று முடிவு செய்தவர் அவர். தினசரிப் பயிற்சிக்கு ஜிம்மி ஹோகன் போன்றவர்களை வரவழைத்தார். 1912 ஒலிம்பிக்குக்கு முன் அப்படி வந்த ஹோகனை, 1914-இல் போர் தொடங்கியதும் ஆங்கிலேயர் என்பதற்காக வியன்னாவில் கைது செய்தார்கள். பிறகு அவர் புடாபெஸ்டின் எம்டிகே-க்குப் போனார்.

கிளப்களிலும் இதே பிரிவினை இருந்தது. கால்பந்துப் பிரிவின் பொறுப்பாளர், அணித் தலைவர், ஆடிக்கொண்டே பயிற்சி தருபவர், முழுநேரப் பயிற்சியாளர் என நான்கு வகை. இணையப் பட்டியலில் இவர்கள் எல்லோருமே ‘மேலாளர்’ என்று ஒரே பெயரில் இருப்பார்கள். உங்கள் ஆள் எந்த வகை என்பதை அன்றைய இதழின் வாசகத்திலிருந்து எடுத்து அப்படியே எழுதுங்கள். பயிற்சியாளரின் வேலையும் இன்றையது போல இல்லை. உடற்பயிற்சி, பந்துப் பயிற்சி, மசாஜ், காயம்பட்ட கால்களைப் பார்ப்பது எல்லாம் ஒருவர் தலையில். டோம்பி ராட்டர்டாமின் ஃபெயனூர்ட் அணிக்குப் பயிற்சி தந்ததோடு, அடிபட்ட வீரர்களைக் குணமாக்கும் அதிசய வைத்தியர் என்றும் பெயரெடுத்தார்.

தேட வேண்டிய மாதங்கள் ஜூலையும் ஆகஸ்டும். புதிய பருவத்துக்கான நியமனச் செய்தி அப்போதுதான் வரும். அடுத்து டிசம்பர், ஜனவரி. இலையுதிர் பருவம் மோசமாக முடிந்தால் ஆளை மாற்றுவது அந்தக் குளிர்கால இடைவெளியில். வியன்னா இதழ்கள் தங்கள் ஊர்ப் பையன் வெளிநாட்டில் வேலைக்குச் சேர்ந்ததைச் சந்தோஷமாக ஓரிரு வரியில் போடும். இரண்டு பாதியையும் இணைக்கும் பாலம் அந்த ஓரிரு வரிதான். ‘முன்னாள் வீனர் ஏஎஃப் வீரர்’ என்று அதில் ஒரு சொல் இருந்தால் போதும், அடையாளம் நிலைத்துவிடும். அதன் பக்கப் படத்தைச் சேமித்து வையுங்கள்.

பிறகு அந்தந்த நாட்டு இதழ்களுக்குப் போங்கள். நெதர்லாந்துக்கு டெல்ஃபர் தளம், சுவிட்சர்லாந்துக்கு அந்நாட்டின் மின் நாளிதழ்க் காப்பகம், ஹங்கேரிக்கு ஆர்கானும் தளம், பார்சிலோனாவுக்கு லா வான்குவார்டியா நாளிதழின் பழைய இதழ்கள். ஆர்கானும் கட்டணத் தளம். முதலில் ஆண்டுகளைத் தெளிவாக்கிக்கொண்டு ஒரு மாதத்துக்குச் சந்தா கட்டினால் பணம் வீணாகாது.

பட்டங்களைச் சேர்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பட்டம் உறுதியான நாளில் அவர் அந்தப் பதவியில் இருந்தாரா? டோம்பி விஷயத்தில் இது தெளிவு. 1932 ஜூன் 12 அன்று நூரம்பர்க்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் பேயர்ன் ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட்டை 2-0 என்று வென்றபோது அவர்தான் பயிற்சியாளர். ஃபெயனூர்ட் அணியோடு 1936, 1938 ஆகிய இரண்டு டச்சுப் பட்டங்களும் அப்படியே. எல்லோருக்கும் இவ்வளவு சுலபமாக அமையாது. 1934 உலகக் கோப்பையில் ருமேனியாவின் பயிற்சியாளராக உரிடில் பெயரும் வரும், கான்ஸ்டன்டின் ரடுலெஸ்கு பெயரும் வரும். அந்த அணி டிரியெஸ்டேயில் செக்கோஸ்லோவாக்கியாவிடம் 1-2 என்று தோற்று ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்பியது. இப்படி இரண்டு பெயர் வரும் இடத்தில் ஒன்றைத் தூக்கிவிடாமல், யாருக்கு என்ன பொறுப்பு என்று அன்றைய ருமேனிய இதழ் சொல்வதை எழுதுங்கள். அதே உரிடில் 1954-இல் ராப்பிட் பட்டம் வென்றபோது பயிற்சியாளராக இருந்தார். இடையில் இருபது ஆண்டு. அந்த இருபது ஆண்டையும் பருவம் பருவமாக ஒரு தாளில் எழுதி, சான்று கிடைத்த பருவத்தில் மட்டும் கிளப் பெயரை நிரப்புங்கள். மற்றவை காலியாகவே இருக்கட்டும்.

பணம்

சம்பளம், மாற்றுத் தொகை எதையும் இன்றைய பணத்துக்கு மாற்றாதீர்கள். 1892-இல் குல்டனுக்குப் பதிலாகக் க்ரோன் வந்தது, ஒரு குல்டனுக்கு இரண்டு க்ரோன். போருக்குப் பின் க்ரோனின் மதிப்பு பாதாளத்துக்குப் போனது. 1925-இல் 10,000 க்ரோனுக்கு ஒரு ஷில்லிங் என்று மாற்றினார்கள். 1922 இதழில் ஒரு வீரருக்கு லட்சக்கணக்கில் க்ரோன் என்று படித்தால், அதே இதழின் அதே வாரத்தில் ஒரு ரொட்டியின் விலையோ ஆட்ட நுழைவுச் சீட்டின் விலையோ எவ்வளவு என்று பார்த்துப் பக்கத்தில் எழுதுங்கள். அதுதான் நேர்மையான ஒப்பீடு.

1938-ஐக் கடப்பது

1938 மார்ச்சில் நாஜி ஜெர்மனி ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டது. தொழில்முறைக் கால்பந்து ஒழிக்கப்பட்டது. 1925-இல் முதல் தொழில்முறைப் பட்டத்தை வென்ற யூத கிளப் ஹாக்கோவா கலைக்கப்பட்டது. யூதப் பயிற்சியாளர்களுக்கு ஆபத்து அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. நூரம்பர்க் அணியின் பயிற்சியாளராக இருந்த யெனோ கொன்ராட், யூத வெறுப்பு இதழ் ஒன்றின் தாக்குதலுக்குப் பின் 1932-லேயே ஜெர்மனியை விட்டு வெளியேறினார். ஆகவே ஒருவர் பதவி விலகிய காரணத்தை ‘தோல்விகள்’ என்று எழுதும் முன் தேதியைப் பாருங்கள்.

இந்த ஆண்டுகளுக்கு நாளிதழ் உதவாது. வெளியேற்றப்பட்டவர்களைப் பற்றி அன்றைய இதழ்கள் வாய் திறக்கவில்லை. வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய எதிர்ப்பியக்க ஆவண மையத்தின் பலியானோர் தரவுத்தளத்திலும் ஜெர்மனியின் அரோல்சன் காப்பகத்திலும் பெயர், பிறந்த தேதி இரண்டையும் வைத்துத் தேடுங்கள். ஞானஸ்நான ஏட்டிலோ யூதப் பதிவேட்டிலோ பிறந்த தேதியைச் சரியாக எடுத்திருந்தால் அதன் அருமை இங்கே தெரியும். கோன் போன்ற பெயரில் தேதி இல்லாமல் தேடினால், முன்பின் தெரியாத ஒருவரின் மரணத்தை உங்கள் ஆளின் வாழ்க்கையில் எழுதிவிடும் அபாயம் உண்டு. இறந்தவர்கள் விஷயத்தில் இதைவிடப் பெரிய பிழை இல்லை. டோம்பி போரைக் கடந்து, 1963-இல் ராட்டர்டாமில் காலமானார்.

எழுதும்போது

தமிழில் பெயரை எப்படி எழுதப்போகிறீர்கள் என்பதை முதல் பத்திக்கு முன்பே முடிவு செய்து, கடைசி வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில உச்சரிப்பு வழியாக வராமல் ஜெர்மன், செக் உச்சரிப்பைக் கேட்டு எழுதுவது நல்லது. பெயர் மாறியவர் என்றால் ஆட்டக்காரராக இருந்த பகுதியில் அன்றைய பெயர், மாறிய இடத்தில் ஒரு வாக்கியம், அதன் பிறகு புதிய பெயர். கிளப் பெயர்களுக்கும் இதே முறை. 1926-க்கு முந்தைய ஆட்டத்தில் ஆஸ்திரியா வீன் என்று எழுதினால் அது தவறு.

அணிப் புகைப்படம் கிடைத்தால் படக்குறிப்பைப் பாருங்கள். பெயர்கள் இடமிருந்து வலமாகப் போகும், ஆனால் உட்கார்ந்தவர்கள் முதலா நின்றவர்கள் முதலா என்பது இதழுக்கு இதழ் மாறும். கோல்கீப்பர் வேறு மாதிரி உடுத்தியிருந்தால் அவரைத் தொடக்கப் புள்ளியாக வைத்து எண்ணலாம். ஒரே படத்தை வைத்து முகத்தை முடிவு செய்யாமல், பெயரோடு தனியாக அச்சான இன்னொரு படத்தோடு ஒப்பிடுங்கள். ஆட்டக்காரராக எடுத்த படமும் பயிற்சியாளராக எடுத்த படமும் கையில் இருந்தால் இரண்டையும் அடுத்தடுத்து வெளியிடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஆண்டு, கிளப், எந்த இதழில் வந்தது என்ற விவரம் இருக்கட்டும்.